புல்தரைக்கு உரம் போட்டாச்சு, நாயை எப்போது அவிழ்த்து விடலாம்?

வீட்டு முன்னால் நாலு சென்ட் புல்தரையும் ஒரு நாயும் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. நேரான பதில் சின்னது. யூரியாவோ காம்ப்ளக்ஸோ (பல சத்து சேர்ந்த உரம்) அளவாகப் போட்டு, நன்றாகத் தண்ணீர் விட்டு, புல் காய்ந்து, தரையில் ஓர் உரமணிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அவிழ்த்து விடலாம். பெரும்பாலும் ஒரு நாள் போதும்.

ஆனால் தோட்டக்காரர் "உரம் போட்டாச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போகும்போது, அந்த "உரம்" என்ற ஒரு சொல்லுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பதில்தான் சிக்கல். உரக்கடையில் யூரியாவும் அங்கேதான், புண்ணாக்கும் அங்கேதான், எலும்புத்தூளும், குருணை மருந்தும் (மணல் மாதிரி வரும் பூச்சிக்கொல்லி), களைக்கொல்லியும் அங்கேதான். ஒரே பில், ஒரே பை. "கரையான் இருக்கு, புழு இருக்கு" என்றால் கடைக்காரரே உரத்தோடு ஒரு பிடி குருணையைக் கலந்துகொள்ளச் சொல்லுவார். உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இந்த ஒரு பிடிதான், யூரியா இல்லை.

இன்னொரு தலைகீழ் நம்பிக்கையும் உண்டு. ரசாயன உரம் என்றால் விஷம், புண்ணாக்கு என்றால் "இயற்கை", பயமில்லை என்று. நாய் வளர்க்கும் வீட்டில் அது அப்படியே மாறிப்போகும். யூரியாவை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். புண்ணாக்கைத் தோண்டித் தின்னும்.

பையைப் பார்த்தே பிரித்துவிடலாம்

உரமும் பூச்சி மருந்தும் இந்தியாவில் இரண்டு வெவ்வேறு சட்டங்களின் கீழ் வருகின்றன. உரத்துக்கு 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிக்கு 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். உரப் பையில் 17:17:17, 20:20:0:13 என்று சத்து விகிதம் இருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்ற வரிசை; நாலாவது எண் இருந்தால் கந்தகம். மருந்துப் பாக்கெட்டில் முனையில் நிற்கும் ஒரு சதுரம் இருக்கும், அதன் கீழ்ப் பாதியில் நிறம் தீட்டியிருக்கும். சிவப்பு என்றால் வாய்வழி நச்சளவு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 50 மில்லிகிராம். மஞ்சள் 51 முதல் 500. நீலம் 501 முதல் 5000. பச்சை அதற்கும் மேல். நச்சளவு என்பது, சோதனையில் பாதி விலங்குகளைச் சாகடிக்கும் அளவு.

ஆக, கையில் இருக்கும் பாக்கெட்டில் நிறச் சதுரம் இருந்தால் அது உரம் இல்லை, மருந்து. கடைக்காரர் என்ன பெயர் சொல்லிக் கொடுத்தாலும் சரி. பெரிய மூட்டையைப் பிரித்துச் சாதாரணப் பிளாஸ்டிக் கவரில் கால் கிலோ, அரைக் கிலோ கட்டிக் கொடுப்பதுதான் இதில் மோசம். சதுரமும் போச்சு, பெயரும் போச்சு. நாளைக்கு நாய் நுரை தள்ளினால் மருத்துவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. பெயரில்லாத கவரில் வரும் எதையும் வாங்காதீர்கள். மலிவாக இருந்தாலும், தெரிந்த கடையாக இருந்தாலும்.

யூரியா: நாய்க்கு வயிற்றுப்போக்கு, ஆட்டுக்கு எமன்

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. நம் சிறுநீரில் இருக்கும் அதே பொருள். நாய், பூனை, மனிதர் வயிற்றில் அது பெரிதாகச் சிதைவதில்லை. நக்கினால் எச்சில் ஊறும், வாந்தி வரலாம், வயிறு கெடும், நிறையத் தண்ணீர் குடிக்கும். 100 சதுர அடிப் புல்தரைக்கு ஒரு தடவைக்கான யூரியா மொத்தமே 50 கிராம். அதில் நடந்துவிட்டு வந்து பாதத்தை நக்கும் நாயின் வயிற்றுக்குள் எவ்வளவு போய்விடும்? மூட்டையைக் கிழித்துத் தின்றால்தான் கதை வேறு.

ஆடு, மாட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியாவைச் சில நிமிடங்களில் அம்மோனியாவாக உடைத்துவிடும். அது இரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.3 முதல் 0.5 கிராமிலேயே நச்சு தொடங்கும், 1 முதல் 1.5 கிராம் கொல்லும். ஆட்டுக்கும் ஏறத்தாழ இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். 25 கிலோ ஆட்டுக்கு 25 கிராமே போதும் என்று அர்த்தம்; ஒரு கைப்பிடிகூட வேண்டாம். யூரியா கரைத்த வாளியை மூடாமல் வைப்பது, காலி மூட்டையை வேலியில் காயப் போடுவது, அதே மூட்டையில் தவிடு கட்டி வைப்பது, மூன்றிலும் ஆடு செத்திருக்கிறது. உப்பு ருசி என்று சாக்கையே நக்கும். உரச்சாக்கைத் தீவனத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

தின்ற 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அறிகுறி தெரியும்: பல்லை நறநறவென்று கடிக்கும், உடம்பு நடுங்கும், வயிறு உப்பும், நுரை தள்ளும், தள்ளாடும். கால்நடை மருத்துவர்கள் குளிர்ந்த தண்ணீரும் வினிகரும் ஊற்றுவது இதற்குத்தான். குளிர்ச்சி நுண்ணுயிரின் வேகத்தைக் குறைக்கும். வினிகரின் புளிப்பு அம்மோனியாவை இரத்தத்தில் ஏறவிடாமல் பிடித்து வைக்கும். ஆட்டுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சாதாரண 5 சதவீத வினிகர். ஆனால் ஆடு நின்றுகொண்டு, விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும். சாய்ந்து கிடக்கும் ஆட்டின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் அதுவே கொன்றுவிடும். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

காம்ப்ளக்ஸ், டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்), பொட்டாஷ் எல்லாம் உப்புகள். நாய்க்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, பாத இடுக்கில் எரிச்சல். பெரும்பாலும் அதோடு சரி. ஒரே ஒரு தொல்லை: காம்ப்ளக்ஸ் மணி யூரியா மாதிரி சட்டென்று கரையாது. மேலே தண்ணீர் தெளித்துவிட்டுப் போனால் இரண்டு மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இரும்பு: பச்சையாக்கும் உப்பு

போர்வெல் தண்ணீர் உப்பாக, காரமாக இருக்கும் இடங்களில் புல் மஞ்சளடிக்கும். அப்போது கடையில் கொடுப்பது அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். இதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரும்பு. இந்தப் பொருளைப் பற்றிப் பலருக்குப் பயமே இல்லை. "இரும்புச்சத்துதானே, டானிக்கில் வருவதுதானே" என்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 20 மில்லிகிராம் இரும்பு போனாலே வயிற்றைப் பிடிக்கும். 60-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்தான நஞ்சு. 10 கிலோ நாய்க்கு 600 மில்லிகிராம் இரும்பு. அதாவது 3 கிராம் அன்னபேதி. அரைத் தேக்கரண்டிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 10 கிலோ எடையுள்ள ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் அதே கணக்குதான்.

தெளித்த புல்லில் இந்த ஆபத்து இல்லை. லிட்டருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம் என்று கரைத்து 100 சதுர அடிக்கு ஒரு லிட்டர் தெளித்தால் மொத்த இரும்பே 1 கிராம், அதுவும் அத்தனை இடத்திலும் பரவியிருக்கும். காய்ந்தபின் கவலையில்லை. (தரை ஓட்டில் பட்டால் துருக்கறை போகாது, அது வேறு கவலை.) ஆபத்து அலமாரியில் இருக்கும் அந்த ஒரு கிலோ பாக்கெட்டில்தான்.

இரும்பு நஞ்சில் ஏமாற்றுகிற ஒரு கட்டம் உண்டு. முதல் ஆறு மணி நேரம் வாந்தி, இரத்தம் கலந்த பேதி. பிறகு நாய் எழுந்து நடக்கும், தெளிந்துவிட்டது போல இருக்கும். ஒரு நாள் கழித்துக் கல்லீரல் விழும். "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவது இந்த இடைவெளியில்தான். இன்னொன்று: கரித்தூள் மற்ற பல நஞ்சுகளைப் பிடிக்கும், இரும்பைப் பிடிக்காது. இதற்கான முறிமருந்து டெஃபராக்சமின், ஊசியாகத்தான் போட வேண்டும். ஆகவே என்ன தின்றது என்று மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) ஒரு வரியில் முடித்துவிடலாம்: நீலக் கற்கண்டு மாதிரி இருப்பதால் குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைத்திருக்காதீர்கள்.

புண்ணாக்கில்தான் உண்மையான தலைவலி

வேப்பம் புண்ணாக்கு கசக்கும். நாய் ஒரு வாய் எடுத்துவிட்டுத் துப்பிவிடும். அந்த வகையில் அது நல்லது. கடலைப் புண்ணாக்கும் ஆமணக்குப் புண்ணாக்கும் அப்படியில்லை.

ஆமணக்கு விதையில் ரிசின் என்ற புரதம் இருக்கிறது. எண்ணெய் பிழிந்தால் எண்ணெயில் அது போகாது, சக்கையிலேயே தங்கிவிடும். நீராவியில் நன்றாக வேகவைத்தால் செயலிழக்கும். உரத்துக்காக விற்கும் புண்ணாக்கை அப்படி வேகவைத்துத்தான் விற்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பையைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் ஆறு மணி நேரம் முதல் ஒரு நாள் கழித்து, சில சமயம் இரண்டு நாள் கழித்துக்கூட, வாந்தி, இரத்தப் பேதி, துவண்டு விழுதல். அதற்குள் நேற்று ரோஜாச் செடிக்குப் போட்ட புண்ணாக்கு யாருக்கும் நினைவில் இருக்காது. "கெட்டுப்போன சோறு தின்றிருக்கும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ரிசினுக்கு முறிமருந்தும் கிடையாது. நாய் இருக்கும் வீட்டில் ஆமணக்குப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் 4 சதவீதச் சொச்சம் தழைச்சத்துக்காக இந்த வம்பை விலைக்கு வாங்கத் தேவையில்லை. வேப்பம் புண்ணாக்கிலேயே 5 சதவீதம் இருக்கிறது. "கலப்புப் புண்ணாக்கு", "இயற்கை உரக் கலவை" என்று விற்பதில் ஆமணக்கு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சொல்ல மாட்டேன் என்றால் வேண்டாம்.

கடலைப் புண்ணாக்கில் நஞ்சு இயல்பிலேயே இல்லை, வைத்திருக்கும் விதத்தில் வருகிறது. ஈரம் பட்ட புண்ணாக்கில் மஞ்சள்பச்சையாகப் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நாயின் கல்லீரலை அழிக்கும். நாய்கள் இதற்கு மிகவும் மென்மையானவை. ஊறவைத்து, நாலைந்து நாள் புளிக்கவிட்டு, வடிகட்டிச் செடிக்கு ஊற்றுவது மாடித்தோட்டக்காரர்களின் வழக்கம். அந்த வாளியை மூடியில்லாமல் வைத்தால் நாய் குடிக்கும். மூடி போட்டு, மூடிமேல் ஒரு செங்கல் வையுங்கள். பூசணம் பூத்த கட்டியைச் "செடிக்குத்தானே" என்று போடாதீர்கள். தோண்டித் தின்ன வருவது செடி இல்லையே, நாய்.

கம்போஸ்ட் தொட்டியும் இதே வகைதான். பழைய ரொட்டி, சீஸ், பால் பொருள் அழுகிப் பூசணம் பிடித்தால் சில வகைப் பூசணம் நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கும். நாய் தொட்டியில் தலைவிட்ட சில மணி நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். பில்டர் காபிச் சக்கையை மொத்தமாகப் புல்மேல் கொட்டுவதும் வேண்டாம். வடித்தபின்னும் அதில் கஃபீன் மிச்சம் இருக்கும்.

எலும்புத்தூள் நஞ்சு இல்லை. ஆனால் நாய்க்கு அது விருந்து. நிறையத் தின்றால் வயிற்றுக்குள் ஈரம் பட்டுச் சிமெண்ட் கட்டி போல இறுகும். சில சமயம் அறுவை செய்துதான் எடுக்க வேண்டும். புல்தரைக்கு எலும்புத்தூள் தேவையும் இல்லை. பூச்செடிக் குழியில் போடுவதானால் அரை அடி ஆழத்துக்குக் கீழே போட்டு, மேலே மண்ணும் ஒரு துண்டுக் கம்பி வலையும் வைத்து மூடுங்கள். மீனைப் புளிக்கவைத்துச் செய்யும் மீன் அமிலத்துக்கும் இதே வழிதான். நீர்த்து ஊற்றிய வாடை இரண்டு நாள் இருக்கும், அந்த இரண்டு நாளும் நாய் அங்கேதான் குழி பறிக்கும்.

குருணை

குருணையாக வரும் பூச்சிக்கொல்லிகளில் ஃபோரேட்டுக்கு இந்தியாவில் 2020 டிசம்பர் 31-ஓடு முற்றாகத் தடை. கார்போஃபியூரானில், குறிப்பிட்ட பயிர்களுக்கான 3 சதவீதக் குருணை தவிர மற்றதை 2023-இல் நிறுத்தினார்கள். அந்தப் பயிர்ப் பட்டியலில் வீட்டுப் புல்தரை இல்லை. இருந்தாலும் பழைய இருப்பு, பெயரில்லாக் கவர் என்று ஒரு பிடி வந்து சேர்ந்துவிடுவதுண்டு. ஊதா, கறுப்பு, சாம்பல் நிற மணலாக இருக்கும்.

கார்போஃபியூரான் எவ்வளவு கடுமை என்பதற்கு ஒரு விஷயம் சொன்னால் போதும்: சின்னப் பறவை ஒன்றைக் கொல்ல ஒரே ஒரு குருணை போதும். விதை என்று கொத்திவிடும். அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்திலேயே குருணை வடிவத்தைப் பெரும்பாலும் கைவிட்டதற்குப் பறவைச் சாவுதான் காரணம். எலும்புத்தூளோடும் புண்ணாக்கோடும் குருணையைக் கலந்து வைப்பது இருப்பதிலேயே மோசமான கலவை: நாயைக் கூப்பிடும் வாசனையும் கொல்லும் பொருளும் ஒரே உருண்டையில்.

அறிகுறி சீக்கிரம் வரும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், நின்ற இடத்திலேயே சிறுநீரும் மலமும் போகும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு வாங்கும். மனிதருக்கும் இதே வரிசைதான், வியர்வை கூடக் கொட்டும். முறிமருந்து அட்ரோபின், நேரம் தவறாமல் போட்டால் பிழைக்க வைக்கலாம். "குருணை மருந்து தின்றிருக்கலாம்" என்ற மூன்றே சொல் மருத்துவருக்கு அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கரையானுக்காகப் புல்தரையில் குளோர்பைரிபாஸ் ஊற்றுவதும் இதே குடும்பத்து ஆபத்துதான். புல்லுக்குக் கரையான் பெரிய எதிரியும் இல்லை; காய்ந்த புல் மெத்தையைத்தான் அது தின்னும். வாரிச் சுத்தம் செய்து தண்ணீர் விட்டாலே போய்விடும். எறும்புப் பொடியில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை வீட்டில் கூடவே கூடாது. பூனையின் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாது; பாதத்தில் ஒட்டியதை நக்கியே வலிப்பு வந்துவிடும். நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணை 2.5 சதவீதம்தான், ஆனால் நாய் அதைப் பிஸ்கட் மாதிரி தின்னும். 10 கிலோ நாய்க்கு 40 கிராம் உயிரைக் குடிக்கும் அளவு. மாலையில் ஈரச் சாக்கு விரித்து வைத்துக் காலையில் அடியில் சேர்ந்த நத்தைகளைப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவதே மேல். கையுறை போட்டுப் பொறுக்குங்கள்.

களைக்கொல்லி

புல்லுக்குள் வரும் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடிக்கிறார்கள். அமில வகையான இந்த மருந்தை நாயின் சிறுநீரகம் மற்ற விலங்குகளைப் போல வேகமாக வெளியேற்றாது. அதனால் எலிக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவை நாய்க்கு அப்படியே பொருத்த முடியாது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் ஸ்காட்டிஷ் டெரியர் நாய்களின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயையும் களைக்கொல்லி அடித்த புல்தரையையும் ஒப்பிட்டுத் தொடர்பு இருப்பதாக எழுதினார்கள். அந்த இனத்துக்கு அந்தப் புற்றுநோய் இயல்பிலேயே அதிகம் வரும். தொடர்பு என்பது காரணம் என்றாகிவிடாது. இதை வைத்து எல்லா நாய்க்கும் புற்றுநோய் என்று பரப்புவது தவறு. ஆனால் அழகுக்காக மட்டும் ஒரு நஞ்சை அடிக்கத் தேவையா என்று கேட்க இது போதுமான காரணம். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2,4-டியைப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வகையிலும், கிளைஃபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியை அதைவிட ஒரு படி மேலே உள்ள வகையிலும் வைத்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு கிளைஃபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில்முறையாளர் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தது.

வீட்டளவுக்குக் களைக்கொத்தியே போதும். மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். கோரைக்கு 2,4-டி சரியாக வேலையும் செய்யாது, கிழங்கோடு தோண்டினால்தான் உண்டு. அப்படியும் அடித்தே தீருவேன் என்றால், காய்ந்தபின்னும் இரண்டு நாள் நாயை விடாதீர்கள். அந்தப் புல்லை வெட்டி முயலுக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் பெரிய பாதுகாப்பு. புல்தரையில் அடித்த மருந்து வீட்டுக்குள் வருவது காற்றில் மட்டும் இல்லை, காலணி அடியிலும் நாயின் பாதத்திலும்தான். நாய்க்கு நாலு கால், செருப்பும் கிடையாது. அது நேரே வந்து சோபாவில் ஏறும், அங்கே குழந்தை கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும். வாசலில் ஒரு தட்டில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் வைத்து நாயைக் கடக்கவிட்டு, ஈரத்துணியால் விரல் இடுக்கைத் துடைத்து விடுங்கள்.

உரம் போடும் முறை

ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிராம் தழைச்சத்து. அருகம்புல்லுக்கும் கொரியன், மெக்சிகன் புல்லுக்கும் இது போதும். 100 சதுர அடிக்குக் கணக்கிட்டால் யூரியா 50 கிராம், அல்லது 17:17:17 காம்ப்ளக்ஸ் 135 கிராம், அல்லது 20:20:0:13 ஏறக்குறைய 115 கிராம். ஏதாவது ஒன்று, எல்லாம் சேர்த்து இல்லை. கண் அளவில் கைப்பிடியாக வீசினால் இதைப் போல மூன்று மடங்கு விழும். புல் கருகுவதும் நாய் பாதம் எரிவதும் அப்படித்தான். தராசில் ஒரு முறை நிறுத்து, ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் அந்த அளவுக்குக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை ஆழாக்கும் கரண்டியும் இதற்கு வேண்டாம்.

நேரம்: வெயில் தாழ்ந்த சாயங்காலம், ஆனால் புல் இலை காய்ந்திருக்க வேண்டும். இலை ஈரமாக இருந்தால் மணி ஒட்டிக்கொண்டு புல்லையும் கருக்கும், நாய் முடியிலும் ஒட்டும். கையுறை போடுங்கள், விரலில் கீறல் இருந்தால் எரியும். அளவைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வடக்கு தெற்காகவும் மறுபாதியைக் கிழக்கு மேற்காகவும் தூவினால் ஒரே இடத்தில் குவியாது. நடைபாதையில், ஓட்டில் சிதறியதைத் துடைப்பத்தால் கூட்டிப் புல்லுக்கே தள்ளுங்கள். நாய் முதலில் நக்குவது அங்கே சிந்தியதைத்தான்.

பிறகு உடனே தண்ணீர். 100 சதுர அடிக்கு 55 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் நாலு வாளி. பூவாளியாலோ ஹோஸில் தூவல் வைத்தோ. சும்மா நனைத்துவிட்டுப் போனால் மணி புல்லின் அடியில் தங்கும். யூரியாவாக இருந்தால் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகும், மூக்கில் ஏறும் அந்த வாடை அதுதான். பெருமழை வரும் நாளில் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் போட்ட உரம் புல்லுக்குப் போகாது, தெருச் சாக்கடைக்குப் போகும்.

மறுநாள் காலை நாயை அவிழ்க்கும்முன் ஒரு வேலை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூன்று நாலு இடத்தில் புல்லை விரலால் வகிர் எடுப்பது போலப் பிரித்து அடியைப் பாருங்கள். வெள்ளை, சாம்பல், பழுப்பு மணி தெரிந்தால் இன்னொரு இரண்டு வாளி விட்டு அன்றைக்கும் கட்டி வையுங்கள். தெரியாவிட்டால், புல்லும் காய்ந்திருந்தால், விடலாம். தவழும் குழந்தைக்கும் இதே சோதனைதான். அதுவரை குழந்தையைப் புல்லில் விட வேண்டாம். 19:19:19 போன்ற கரையும் உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளித்திருந்தால் காய்ந்தாலே போதும்.

இரண்டு கலவைகளைத் தவிருங்கள். அம்மோனியம் சல்பேட், டி.ஏ.பி. போன்றவற்றோடு சுண்ணாம்பைக் கலந்தால் அங்கேயே அம்மோனியா கிளம்பும். கண் எரியும், மூச்சு முட்டும். உரம் கரைத்த வாளியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாலும் நச்சு வாயு வரும். வெறும் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் புல்லுக்கே விடுங்கள்.

மிச்சத்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ, சர்க்கரை டப்பாவிலோ, ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ மாற்றாதீர்கள். யூரியா பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும், அம்மோனியம் சல்பேட் கல்லுப்பு மாதிரி. வந்த பையிலேயே வாயை இறுகக் கட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, தோளுயரத்துக்கு மேலே. உரமும் மருந்தும் வெவ்வேறு வாளி.

தின்றுவிட்டால்

முதலில் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு. பையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பை இல்லையென்றால் மிச்சப் பொருளில் ஒரு சிட்டிகை காகிதத்தில், வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு டப்பாவில். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரே நாயின் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி மூளையைக் கெடுக்கும். துவண்ட நாய்க்கு ஊற்றியது நுரையீரலுக்குள் போகும். பால் நஞ்சை முறிக்கும் என்பதும் பொய். தோலில் பட்டது என்றால் கையுறை போட்டுக்கொண்டு சோப்பு போட்டு இரண்டு முறை கழுவி, காயும்வரை நக்கவிடாமல் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள்.

குழந்தை வாயில் போட்டிருந்தால் மிச்சத்தை விரலால் வழித்து எடுத்து, வாயைத் துடைத்து, 108. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்துக்கு இலவச எண் 1800 116 117. சென்னையில் நாய், பூனைக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அங்கே அட்ரோபின் இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடற்கரையோர மணல் நிலத்திலும், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புப் பாறை நிலத்திலும் மேலே போட்ட தழைச்சத்து நைட்ரேட்டாகக் கீழே இறங்கிவிடும். இந்தியக் குடிநீர்த் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மாவு கரைத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும். உண்மையைச் சொன்னால், வீட்டுக் கிணற்றில் நைட்ரேட் ஏறியிருந்தால் உங்கள் 50 கிராம் யூரியாவைவிடப் பக்கத்தில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக, புல்லில் வட்டவட்டமாக நடுவில் கருகி ஓரத்தில் கரும்பச்சையாக வளர்ந்திருந்தால் உரம் அதிகமாகிவிட்டது என்று தோட்டக்காரரைத் திட்டாதீர்கள். அது நாய் போட்ட யூரியா. சிறுநீர் விட்டதும் அதே இடத்தில் நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள், கருகாது. அடுத்த தடவை உரம் தூவும்போது அந்த மூலையை விட்டுவிடுங்கள், அதற்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்திருக்கிறது.